அத்தியாயம் 6: எந்தத் தெருவில் கூட்டம்?

வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் புதிதாக அறிமுகமாகிற ஒருவரிடம் சாதியை யாரும் நேராகக் கேட்பதில்லை. "எந்த ஊரு?" என்பார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னதும், "ஊர்ல எந்தத் தெரு?" என்பார்கள். பதில் வந்துவிட்டால் கேட்டவர் வேறு பேச்சுக்குப் போய்விடுவார். சமத்துவம் பற்றி உங்கள் அமைப்பு என்ன உறுதிமொழி எழுதினாலும் அது இந்த இரண்டாவது கேள்வியில்தான் மாட்டும். அதனால் அதிலிருந்தே தொடங்குவோம்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு சின்ன அறக்கட்டளைக்கு வெளிநாட்டு நிதி நிறுவனம் ஒன்றிடமிருந்து நீளமான படிவம் வந்தது. ஒரு பக்கம் முழுக்க இனநீதி பற்றியும் சமவாய்ப்பு பற்றியும் கேள்விகள். எங்கள் கணக்காளர் படித்துப் பார்த்துவிட்டு, "நம்மகிட்ட கறுப்பு வெள்ளைன்னு யாரு மேடம் இருக்காங்க?" என்று சிரித்தார். 'பாகுபாடு இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தார். நான் கையெழுத்துப் போட்டேன். அந்த ஆண்டு எங்களிடம் இருந்த களப்பணியாளர்கள் ஆறு பேரும் தலித்துகள் வாழும் காலனியைச் சேர்ந்த பெண்கள். மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நாலு பேரும், நான் உட்பட, ஊர்த்தெருக்காரர்கள். படிவம் அதைக் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

'இனம்' என்று அச்சடித்திருக்கும் இடத்தில் 'சாதி' என்று படிக்கலாமா என்று பலர் தயங்குகிறார்கள். தாராளமாகப் படிக்கலாம். 2001இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நடந்த ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் சாதியையும் பேச வேண்டும் என்று தலித் அமைப்புகள் மல்லுக்கு நின்றன. அது வேறு, இது வேறு என்று இந்திய அரசு மறுத்தது. மறு ஆண்டே ஐ.நா.வின் இனப் பாகுபாடு ஒழிப்புக் குழு, பிறப்பின் வழியாக வரும் பாகுபாட்டில் சாதியும் அடக்கம் என்று பொதுப் பரிந்துரை 29இல் சொல்லிவிட்டது. 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைச் சட்டம் போட்டே தடை செய்தது. நிதி கொடுப்பவருக்குப் புரியாது என்ற சாக்கு இனிமேல் செல்லாது.

நம் வட்டாரத்தின் கணக்கு கொஞ்சம் சிக்கலானது. மேல்விஷாரம், ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு ஊர்களில் தோல் பதனிடும் டேனரிகளின் முதலாளிகளில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். தோல் என்றாலே தீட்டு என்று மற்றவர்கள் ஒதுங்கிய இடத்தில் வளர்ந்த தொழில் இது. சுண்ணாம்புக் குழியிலும் டிரம்மிலும் ஈரத்தோலோடு கிடப்பவர்கள் பெரும்பாலும் தலித்துகள், இப்போது அவர்களோடு பீகார், ஒடிசா, மேற்கு வங்கத்துப் பிள்ளைகள். ஷூ கம்பெனியில் தையல் வரிசையில் பெண்கள். வீட்டுத் திண்ணையில் ஷூவின் மேல்பகுதியான அப்பரைத் தைப்பவர்கள் தலித் பெண்களும் முஸ்லிம் பெண்களும். 'ஒடுக்கப்பட்டோர்' என்று ஒரே சொல்லில் இவர்களை மூட்டை கட்டினால் அந்த மூட்டைக்குள் யார் அடியில் நசுங்குகிறார் என்பது தெரியாது.

கூட்டம் போடும் இடம்

பேரணாம்பட்டுச் சாலையில் ஒரு கிராமம். சுயஉதவிக் குழுக் கூட்டத்தை ஒவ்வொரு மாதமும் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் நடத்தினோம். நிழல் இருந்தது, மின்விசிறி இருந்தது, ஊர்க் கவுண்டர் சாவியைத் தாராளமாகக் கொடுத்தார். காலனிப் பெண்கள் ஒருவர், இருவர் வந்து ஓரத்தில் நின்றுவிட்டுப் போனார்கள். ஆண்டறிக்கையில் 'காலனிப் பகுதியில் ஆர்வக் குறைவு காணப்படுகிறது' என்று நானே எழுதினேன். எழுதிய கைக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது.

ஒருநாள் வேறு வேலையாகக் காலனிக்குப் போனபோது, வாசலில் அப்பர் தைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் ஏன் வருவதில்லை என்று கேட்டேன். அவர் ஊசியை நிறுத்தவில்லை. "கோயிலாண்ட கூட்டம் போடறீங்க மேடம். அந்தத் தெருவுல நாங்க செருப்பு போட்டுனு நடந்ததே இல்ல. அங்க வந்து உக்காந்து இன்னா பேசறது?" என்றார். ஊருக்கெல்லாம் செருப்பு தைக்கிற கை அது. நான் பதில் சொல்லத் தெரியாமல் அவர் தைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தைக் காலனிப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினோம். மூன்று மாதம் ஊர்த்தெருப் பெண்கள் எட்டிப் பார்க்கவில்லை. ஊழியர்களுக்குள்ளேயே முணுமுணுப்பு எழுந்தது: குழு உடைந்துவிடும், பொதுவான இடம் பார்க்கலாம் என்று. நாங்கள் மாற்றவில்லை. நாலாவது மாதம் கடன் விண்ணப்பத்தில் அங்கே வந்துதான் கையெழுத்துப் போட வேண்டும் என்றதும் வந்தார்கள். மனம் மாறி வந்தார்கள் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. கடன் வேண்டியிருந்தது, வந்தார்கள். டீ கொடுத்தபோது பாதிப் பேர், "வேணாங்க, இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்" என்றார்கள். இந்த வாக்கியத்தை உங்கள் ஊழியர்களுக்குப் பயிற்சியில் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். இரட்டைக் குவளையை இன்று அதிகம் பார்க்க முடியாது. 'இப்பதான் குடிச்சேன்' எல்லா இடத்திலும் காதில் விழும்.

'பொதுவான இடம்' என்று ஒன்றைத் தேடுவதற்கு முன் ஊரின் வரைபடம் ஒன்றை வரையுங்கள். வரைவது காலனி ஆட்களாக இருக்கட்டும், சுண்ணக்கட்டியால் தரையில் வரைந்தாலே போதும். பள்ளி, ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி, டீக்கடை, சுடுகாடு. ஒவ்வொன்றுக்கும் எந்த வழியாகப் போகிறார்கள், எந்த வழியாகப் போவதில்லை என்று கேளுங்கள். சுடுகாட்டு வழியை மறக்காதீர்கள். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடிக்குப் பக்கத்தில் நாராயணபுரத்தில், வயல் வழி மறிக்கப்பட்டதால் ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். அந்த வீடியோவை நாடே பார்த்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதற்கு முன் அந்தப் பக்கம் எத்தனை அமைப்புகள் மரம் நட்டிருக்கும், மருத்துவ முகாம் போட்டிருக்கும்! பாதையைப் பற்றிக் கேட்டிருந்தால் பதில் அன்றே கிடைத்திருக்கும்.

சம்பளப் பட்டியலை மேசையில் வையுங்கள்

ஊழியர் பட்டியலை எடுத்து ஐந்து பத்திகள் போடுங்கள்: பெயர், வேலை, மாதச் சம்பளம், காசோலையில் கையெழுத்துப் போடும் உரிமை உண்டா, எந்தத் தெரு. கடைசிப் பத்தியை நிரப்பும்போது அறையில் ஒரு கனத்த அமைதி வரும். வரட்டும். அறங்காவலர் குழுவுக்கும் இதே பட்டியல் போடுங்கள்.

தெருவை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், சாதிச் சான்றிதழ் நம் பகுதியில் பாதிக் கதையைத்தான் சொல்லும். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவரான தலித் பட்டியல் சாதியில் வரமாட்டார். ஒரே வீட்டில் அண்ணன் எஸ்.சி., சர்ச்சுக்குப் போகும் தம்பி பி.சி. என்பது வேலூர்ப் பக்கம் சாதாரணம். அந்தத் தம்பிக்கு ஊர் டீக்கடையில் கிடைக்கும் மரியாதை அண்ணனுக்குக் கிடைப்பதுதான். இவர்களையும் பட்டியலில் சேர்க்கக் கோரி 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது, ஆனால் உங்கள் பட்டியல் டெல்லியின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

'ஒரு தலித் பிரதிநிதி இருக்கிறார்' என்று திருப்திப்பட்டுவிடவும் வேண்டாம். எண்ணிக்கையில் பெரிய சாதியிலிருந்தே எப்போதும் ஆள் வருவார். தெலுங்கு பேசும் அருந்ததியர் குடும்பங்கள் நம் பக்கம் குறைவு, அதனாலேயே கூட்டங்களில் அவர்கள் குரல் எழுவதில்லை. மாநில அரசு 2009இல் பட்டியல் சாதியினரின் 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு கொடுத்தது இந்தக் கணக்கினால்தான். அப்படிப் பிரித்துக் கொடுக்க மாநிலங்களுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2024 ஆகஸ்ட் 1 அன்று பஞ்சாப் வழக்கில் உறுதிசெய்தது. இருளர் குடும்பங்கள் உங்கள் பணிப்பகுதியில் இருந்தால் அவர்களைத் தேடித்தான் போக வேண்டும், தாமாகக் கூட்டத்துக்கு வரமாட்டார்கள்.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுவார்: சாதியே கேட்கக் கூடாது என்பதுதானே முற்போக்கு? திருப்பத்தூர் வழக்கறிஞர் ம.ஆ. சிநேகா பல ஆண்டு அலைந்து, 2019 பிப்ரவரியில் 'சாதியற்றவர், மதமற்றவர்' என்று வட்டாட்சியரிடம் சான்றிதழ் வாங்கினாரே என்பார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு. தன் சாதியைச் சொல்லமாட்டேன் என்பது ஒரு தனிமனிதரின் உரிமை. உங்கள் படிவத்தில் அந்தப் பத்தியைக் காலியாக விட விரும்புகிறவரை விடுங்கள். ஆனால் ஒரு அமைப்பு தன் நாற்காலிகளை எண்ண மறுத்தால், எண்ணாததால் லாபம் யாருக்கு என்று கேட்க வேண்டியிருக்கிறது.

வேலை விளம்பரத்தையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். 'ஆங்கிலப் புலமை, ஐந்தாண்டு அனுபவம், சொந்த இருசக்கர வாகனம்.' காலனியிலிருந்து முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கிய பெண்ணை இந்த மூன்று நிபந்தனைகளே வாசலில் நிறுத்திவிடும். வண்டி வேண்டுமென்றால் அமைப்பு வாங்கிக் கொடுக்கட்டும்.

நீங்களே ஏஜென்ட் ஆகும்போது

பல அறக்கட்டளைகள் 'பெண்களுக்கு வருமானம்' என்று சொல்லி ஷூ கம்பெனியிடம் அப்பர் தைக்கும் வேலையை வாங்கிக் கொடுக்கின்றன. அந்த நொடியிலிருந்து நீங்கள் சேவை அமைப்பு மட்டும் கிடையாது, ஏஜென்ட்டும்தான். மூட்டை மூட்டையாக அப்பர் வரும். ஓரத்தில் ஓட்டை குத்தியிருக்கும். மெழுகு தடவிய நூலில் இரண்டு ஊசி கோத்து, இரு பக்கமும் வாங்கி, சுருக்கம் சீராக விழும்படி இழுத்துக் கட்ட வேண்டும். நூல் அறுக்காமலிருக்க விரலில் சைக்கிள் டியூப் துண்டை மாட்டிக்கொள்வார்கள். அப்படியும் ஆள்காட்டி விரலின் மடிப்பில் கறுப்பாக ஒரு கோடு விழுந்திருக்கும். முதுகுவலிக்கு மாத்திரை வாங்கும் காசு எந்தக் கூலிக் கணக்கிலும் வராது.

கூலி நியாயமா என்று கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை. வேகமாகத் தைப்பவர் ஒருவர், நடுத்தரம் ஒருவர், புதியவர் ஒருவர். மூவரும் ஆளுக்கு ஐந்து ஜோடி தைக்கட்டும், கைப்பேசியில் நேரம் பாருங்கள். மூட்டை வாங்கப் போய் வரும் நேரம், நூல் கோக்கும் நேரம், ஏஜென்ட் திருப்பி அனுப்பியதைப் பிரித்துத் தைக்கும் நேரம் எல்லாம் சேர்த்துச் சராசரி எடுங்கள். உதாரணத்துக்கு ஒரு ஜோடிக்கு 30 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்தில் 16 ஜோடி. அந்த வேலைக்கு அரசு அறிவித்திருக்கும் குறைந்தபட்ச நாள்கூலி 400 ரூபாய் என்று வைத்தால் ஜோடிக்கு 25 ரூபாய் வர வேண்டும். உங்கள் கூலி அதற்குக் கீழே இருந்தால், கம்பெனியிடம் பேசி உயர்த்துங்கள், முடியாவிட்டால் அந்த வேலையை எடுக்காதீர்கள். "ஏதோ வீட்ல இருந்தே நாலு காசு" என்ற பேச்சை அலுவலகத்துக்குள் விடாதீர்கள். அது ஏஜென்ட்டின் வசனம்.

வீட்டிலிருந்து உழைப்பவருக்கும் மற்றத் தொழிலாளருக்குச் சமமான நடத்தை வேண்டும் என்று ஐ.எல்.ஓ. 1996இலேயே உடன்படிக்கை 177ஐக் கொண்டுவந்தது, இந்தியா அதை ஏற்கவில்லை. ஆம்பூர்ப் பகுதியில் வீட்டில் தைக்கும் பெண்களைப் பற்றி 2016இல் பெங்களூரின் சிவிடெப் அமைப்பும் பிரிட்டனின் இரண்டு அமைப்புகளும் சேர்ந்து அறிக்கை வெளியிட்டன. அதற்குப் பிறகு சில ஐரோப்பிய வியாபாரிகள் 'வீட்டில் தைக்கிறார்களா?' என்று கேட்கத் தொடங்கினார்கள். அந்தக் கேள்வி வரும்போது கையில் காட்ட ஒரு தாள் வேண்டும். ஆகவே ஒவ்வொரு மூட்டைக்கும் பெயர், தேதி, ஜோடி எண்ணிக்கை, கூலி எழுதிய சீட்டைப் பெண்ணின் கையில் கொடுங்கள். அதே சீட்டு, காலணி மற்றும் தோல் பொருள் தொழிலாளர்களுக்கான நல வாரியத்தில் பதியும்போது தொழிலாளி என்பதற்கு ஆதாரமாக உதவும். 18 வயது முதல் 60 வயது வரை பதியலாம். கல்வி உதவி, விபத்து உதவி, 60க்குப் பிறகு ஓய்வூதியம் உண்டு. மாவட்டத்தைப் பார்த்து அனுப்புங்கள்: 2019இல் வேலூர் மூன்றாகப் பிரிந்த பிறகு ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரில், பேரணாம்பட்டும் குடியாத்தமும் வேலூரிலேயே, மேல்விஷாரம் ராணிப்பேட்டையில். தவறான கலெக்டர் ஆபீசுக்கு நடந்து ஒருநாள் கூலியை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கழிவுத் தொட்டி

2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் டேனரிக் கழிவுக் கசடு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரியில் உறங்கிக்கொண்டிருந்த 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். தங்க வேறு இடமில்லாததால் வேலை செய்த இடத்திலேயே படுத்தவர்கள். இதைக் கண்டித்து அறிக்கை விடுவது எளிது. உங்கள் பயிற்சி மையத்தின் செப்டிக் டேங்க் நிரம்பினால் யாருக்குப் போன் போகிறது என்று பாருங்கள். 'நம்ம ஆளு ஒருத்தன் இருக்கான், முந்நூறு ரூபாய் கொடுத்தா எறங்கிடுவான்' என்று சொல்லும் ஊழியர் உங்களிடமும் இருப்பார். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கினால், முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. இறப்புக்கு 10 லட்சமாக இருந்த இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. கழிவை உறிஞ்சி எடுக்கும் லாரியின் வாடகையை ஆண்டு பட்ஜெட்டில் தனி வரியாகவே எழுதிவையுங்கள்.

புகார் வந்தால் என்ன செய்வது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாதி சொல்லித் திட்டினார், அடித்தார் என்றால் சமாதானம் பேச உட்காராதீர்கள். பேசினால் அது கட்டப்பஞ்சாயத்து. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கைப் புலன் விசாரிப்பவர் டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். 14566 என்ற தேசிய உதவி எண்ணைச் சுவரில் எழுதுங்கள். பாலியல் தொல்லைக்கு, 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் உள்ளகக் குழு கட்டாயம், அதற்குக் குறைந்தால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு.

பேச்சில் புழங்கும் சொற்கள் தனிக் கதை. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நான் இந்த அத்தியாயத்தில் அதையே எழுதியிருக்கிறேன், ஏனென்றால் அங்கே வாழ்கிறவர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். வேறு சொல்லை அவர்கள் தேர்ந்தெடுத்தால் மறுநாளே மாற்றிக்கொள்வேன். உங்கள் பகுதியில் கேட்டு முடிவு செய்யுங்கள். 'வடக்கன்' என்ற சொல்லுக்கு இந்தச் சலுகை கிடையாது. வெளிமாநிலத்திலிருந்து வந்த பையன் பெயர் தெரியவில்லை என்றால் கேளுங்கள். அவர்களுக்கு நீங்கள் செய்யக்கூடிய முதல் உதவி ரேஷன்: 2020 அக்டோபரிலிருந்து 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் வெளிமாநில அட்டைக்கும் இங்கே பொருள் வாங்கலாம், பலருக்கு இது தெரியாது.

சாப்பாட்டையும் சேர்த்தே யோசியுங்கள். 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டிறைச்சிப் பிரியாணி கிடையாது என்றதும், ஊரில் அதைச் சாப்பிடுகிறவர்கள் இத்தனை பேர் இருக்கும்போது இது பாகுபாடு ஆகாதா என்று மாநில எஸ்.சி., எஸ்.டி. ஆணையம் கலெக்டருக்கு நோட்டீஸ் அனுப்பியது. மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. அந்த ஆண்டு எங்கள் ஆண்டுவிழாவுக்கு 'யாருக்கும் சங்கடம் வேண்டாம்' என்று சைவச் சாப்பாடு போட்டோம். சங்கடப்படாதவர்கள் யார் என்று பிறகுதான் கணக்குப் பார்த்தோம்.

உறுதிமொழியை இந்த வேலையெல்லாம் முடிந்த பிறகு எழுதுங்கள். 'சாதி மத பேதம் பாராமல்' என்று தொடங்கும் வாக்கியத்தை அடித்துவிடுங்கள். கடை விளம்பரத்தில் கூட அது இருக்கிறது. இப்படி எழுதலாம்: 'வரும் ஜூனுக்குள் காசோலையில் கையெழுத்துப் போடும் இருவரில் ஒருவர் காலனியிலிருந்து வருவார். குழுக் கூட்டம் ஆண்டில் ஆறு முறையாவது காலனியில் நடக்கும். அப்பர் கூலியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரம் பார்த்துத் திருத்துவோம். எங்கள் கழிவுத் தொட்டியில் ஆள் இறங்கமாட்டார்.' பக்கத்தில் பொறுப்பாளர் பெயரும் தேதியும்.

எல்லோரும் கூடி இந்த உறுதிமொழியை எழுத ஒரு முழு நாள் ஒதுக்க வேண்டும். மார்ச் வேண்டாம், ஆடிட்டர் உட்கார்ந்திருப்பார். ரம்ஜான் நோன்பு மாதம் வேண்டாம். வைகாசி முதல் தேதியில் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அந்த வாரம் யாரும் வரமாட்டார்கள். ஆனி மாதத்தில் ஷூ கம்பெனி வார விடுமுறையான ஒரு ஞாயிறு சரியாக இருக்கும். சம்பளப் பட்டியலின் நகல் எல்லோர் கையிலும் இருக்கட்டும், டீ போடுகிறவர் கையிலும்.